ஒழுகியும் குறையாத ஆயில்

6

ஆட்டோநகரில் ஆயில் ஒழுகாத லாரி ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்தினால், இதில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்குகள் கூடிவிடுவார்கள். விஜயவாடாவின் இந்த மூலையில் மண்ணும் கறுப்பு, மனிதர்களின் பாதமும் கறுப்பு, மழை பெய்தால் ஓடுகிற தண்ணீரும் கறுப்பு. அதனால் "டீசல் பம்பு மாத்தினதுலருந்து லாரில ஆயில் ஒழுகுச்சு" என்று அந்தப் பெண் ஆரம்பித்தபோது நான் கொட்டாவி விட்டேன். பிரமராம்பா மேடம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு பெரிய மனிதரின் பொய் விபத்தை நிஜமாகவே பொய் என்று எழுதிவிட்டு, அதற்குப் பரிசாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது இட்லிக் கடை மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். நான் மஸ்தான் வலி. மேடத்துக்கு உதவியாளன், பைக் ஓட்டி, திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காத நேரத்தில் அதற்கும் நான்தான்.

வந்தவளின் பெயர் மங்கதாயாரு. அவளோடு வந்த அம்மா கதவோரப் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் சரி.

"லாரி டிரைவர் சிம்ஹாத்ரி என் புருஷன். செத்துப்போன நூகராஜு என் தம்பி. அதே லாரில கிளீனர்" என்றாள் மங்கதாயாரு.

நான் கொட்டாவியை விழுங்கினேன்.

"டோர்னாலா மலை இறக்கத்துல சிமெண்ட் லோடோட வந்திருக்காங்க. திடீர்னு எஞ்சின் தானா கத்த ஆரம்பிச்சுதாம். ஆக்சிலேட்டர்ல கால் இல்லை. சாவியைத் திருப்பி, பிடுங்கிப் பையில போட்ட பிறகும் எஞ்சின் நிக்கலைன்னு சொல்றாரு. எஞ்சின் வண்டியை முன்னால தள்ளுதுன்னு கியரை எடுத்துட்டு பிரேக்லயே இறக்கினாராம். பிரேக்கும் தீஞ்சுபோச்சு. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. மலையில மோதி நிறுத்தினாரு."

"மலை எந்தப் பக்கம்?" என்றார் மேடம்.

"இடது பக்கம்." மங்கதாயாரு புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "தம்பி உக்காந்திருந்த பக்கம்."

பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, காறித் துப்பலா என்று எனக்குப் புரியவில்லை.

"போலீஸ் என்ன சொல்லுது?"

"சிரிக்கிறாங்க மேடம். சாவியைப் பிடுங்கின பிறகு ஓடுற லாரியை நாங்களும் பாக்கணும்கிறாங்க. டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைச்சிட்டு நியூட்ரல்ல இறக்கினான், பிரேக் போச்சு, மச்சினனைக் கொன்னுட்டான், அவ்வளவுதான்னு எழுதிட்டாங்க. கியர் நியூட்ரல்ல இருந்துச்சு. சாவி அவர் சட்டைப் பையில இருந்துச்சு. கால் ஒடிஞ்சு மார்க்காபுரம் ஆஸ்பத்திரில கெடக்காரு, வாசல்ல போலீஸ் காவல்."

என் மனதில் கேஸ் அங்கேயே முடிந்துவிட்டது. நம் டிரைவர்கள் இறக்கத்தைக் கண்டால் எஞ்சினை அணைப்பது ஊரறிந்த வழக்கம். மிச்சமாகிற டீசலில் ஒரு டீ, ஒரு பீடிக் கட்டு.

"உனக்கு என்னம்மா தெரியணும்?" என்றார் மேடம்.

"அவர் பொய் சொல்றாரா, இல்லையா. அது ஒண்ணுதான். பொய்னா இன்னைக்கே அம்மாவோட நூஸிவீடு போயிடறேன். செத்தாலும் அவர் முகத்துல முழிக்க மாட்டேன். நிஜம்னா ஊரே ஒரு பக்கம் நின்னாலும் நான் அவர் பக்கம்."

மேடம் தட்டிலிருந்த மாவு போண்டா மாதிரியான புனுகுலு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார். "ஆயில் ஒழுகுச்சுன்னியே, எவ்வளவு வாங்கி ஊத்தினாரு?"

"எங்க ஊத்தினாரு? மெக்கானிக் ஏடுகொண்டலு ஷெட்டுல மூணு தடவை விட்டு சரி பண்ணினாங்க. மூணு தடவையும் மறுபடி ஒழுகுச்சு. ஊத்தறதுக்குன்னு வாங்கிட்டு வந்த ஆயில் டப்பா மூடி திறக்காம வீட்லயே கெடக்கு. குச்சியை விட்டுப் பாத்தா ஆயில் குறையலைன்னு சொன்னாரு."

மேடம் கையிலிருந்த அடுத்த புனுகுலுவைத் தட்டில் திரும்ப வைத்தார். அவர் பாதியில் சாப்பாட்டை நிறுத்தி நான் பார்த்ததே கிடையாது.

"மஸ்தான், பைக்கை எடு. ஓட்டைக் குடத்துல தண்ணி குறையலைன்னா யாரோ பின்னால இருந்து ஊத்திக்கிட்டிருக்கான். அவன் யாருன்னு பாக்கணும்."

*

நொறுங்கிய லாரியை ரயில் பாதை ஓரத்து யார்டில் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். கேபினின் இடது பாதி இல்லை. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு ஜோக் அடிக்க என்னால் முடியாது, ஜோக் அடிக்காவிட்டால் எனக்கு இந்த வேலையே முடியாது.

காவலாளி குறுக்கே வந்தான். "ஓனர் தாண்டவ கிருஷ்ணா சொல்லாம யாரையும் விடக் கூடாது."

"அவர்தான் அனுப்பினாரு. வேணும்னா போன் போட்டுக் கேளு. மத்தியானத் தூக்கத்துல எழுப்பினா ரொம்பச் சந்தோஷப்படுவாரு" என்றேன். அவன் வழிவிட்டான்.

மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினார். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக உடைந்த ராடு ஒன்று எட்டிப் பார்த்தது.

"மோதினதுல உடைஞ்சிருக்கும்" என்றேன்.

"மோதினது முன்னால, இடது பக்கம். ஓட்டை வலது பக்கம். அதுவும் உள்ளேயிருந்து வெளியே அடிச்சிருக்கு. அணைச்சு வெச்ச எஞ்சின் எதுக்குடா தன் எலும்பைத் தானே ஒடிச்சுக்குது?"

அடுத்து அவர் எஞ்சினுக்குக் காற்று போகிற தடித்த ரப்பர் குழாயைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கவிழ்த்தேன். என் செருப்பு மேல் கறுப்பாகக் கொட்டியது.

"இது காத்து போற வழி. இங்க ஆயிலுக்கு என்ன வேலை?"

"வழி தவறி வந்திருக்கும் மேடம். நம்ம ஊர் பஸ் மாதிரி."

"வழி தவறலை. உன் இட்லிப் பொட்டலம் கட்டின பேப்பரை எடு."

என் சட்டைப் பையில் அது இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது, அதையெல்லாம் கேட்டால் மரியாதை இல்லை. எடுத்துக் கொடுத்தேன். எஞ்சின் அடித்தொட்டியில் மிஞ்சியிருந்த ஆயிலை ஒரு குச்சியால் தொட்டு, பேப்பரில் ஒரு சொட்டு விட்டார். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கறுப்புப் பொட்டு நடுவிலேயே நின்றது. அதைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று மெல்லப் பரவி, செய்தித்தாளில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளையின் முகத்தை நனைத்தது.

மேடம் முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினார். டீசல்.

"நடுவுல நிக்கறது ஆயில். சுத்தி ஓடறது டீசல்" என்றார். "பம்பு உள்ளுக்குள்ள தேய்ஞ்சிருக்கு. எஞ்சினுக்குப் போக வேண்டிய டீசல் கசிஞ்சு ஆயில்ல விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. ஆயில் தண்ணியாகிக் கிடைச்ச சந்துல எல்லாம் ஒழுகுது, அதே நேரத்துல அளவும் ஏறுது. ஏறி ஏறி ஒரு நாள் மூச்சுக்குழாய் வழியா காத்துக் குழாய்க்கு வந்துடுச்சு. அப்புறம் எஞ்சின் தன் சொந்த ஆயிலையே குடிச்சு ஓடும். சாவி நிறுத்தறது டீசலை மட்டும்தான். இதை அது என்ன செய்யும்?"

"அப்ப சாவியைப் பிடுங்கினது நிஜம்."

"நிஜம். எஞ்சின் நிக்காததும் நிஜம்."

எனக்கு உடனே மங்கதாயாருவுக்கு போன் போட வேண்டும் போலிருந்தது. ஒரு நல்ல செய்தியை யாருக்காவது சொல்லி நாளாகிவிட்டது. மேடம் என் கையைப் பிடித்தார்.

"பொறு. பம்பு மாத்தினாங்கன்னு சொன்னா. புது பம்பு எப்படித் தேயும்?"

பம்பு அதன் இடத்திலேயே இருந்தது. வெள்ளி பெயிண்ட் பளபளவென்று மின்னியது. மேடம் கொண்டை ஊசியை எடுத்து, பம்பை எஞ்சினோடு பிணைக்கிற காதுகளில் ஒன்றைச் சுரண்டினார். வெள்ளிக்கு அடியில் மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. எப்போதோ உடைந்த காதைப் பற்றவைத்திருக்கிறார்கள். இன்னும் சுரண்டினார். பித்தளையின் ஓரத்தில் காய்ந்துபோன மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தன. ஏதோ ஒரு தசராவுக்கு யாரோ பக்தியாகத் தடவியது.

"புது பம்பு பூஜை எல்லாம் பாத்திருக்கு" என்றேன். எனக்கே அது சிரிப்பாக வரவில்லை.

*

பழைய பம்புகளைப் புதிதாக்கித் தருகிற கடைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. பிச்சேஸ்வர ராவ் கடையை விசாரிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அந்த வரிசையில் பத்து விரலும் வெள்ளியாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"வாங்க மேடம், உக்காருங்க. ரொம்ப நாளா ஆளையே காணோம். மஸ்தான், மெலிஞ்சுட்டியே! சம்பளம் குடுக்கறாங்களா?"

"திட்டு மட்டும் தவறாமக் கிடைக்குது" என்றேன்.

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "உடைஞ்ச காதைப் பித்தளையால ஒட்டி, பத்து வெச்ச பம்பு. தாண்டவ கிருஷ்ணா லாரிக்கு நீங்கதானே கொடுத்தீங்க?"

"கொடுத்தேன். ஓனரோட மச்சினன் வந்து நின்னான். பாக்கறதுக்குப் புதுசா இருக்கணும், விலை மட்டும் புதுசா இருக்கக் கூடாதுன்னான்."

"உள்ளே என்ன மாத்தினீங்க?"

"உள்ளே எங்க மாத்தினேன்? வெளியேதான் மாத்தினேன்." தன் வார்த்தையைத் தானே ரசித்தார். "மேடம், வாங்கினவனுக்கும் தெரியும், வித்தவனுக்கும் தெரியும். நடுவுல நான் பெயிண்ட் அடிச்சவன். அவன் கேட்டது அதைத்தான்."

"பழைய பம்பு எங்கேருந்து வந்துச்சு?"

"அதுதான் வேடிக்கை." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதே லாரிலருந்துதான் வந்துச்சு! ஏடுகொண்டலு ஷெட்டுல கழட்டினதைச் சாக்குல கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தான் ஒருத்தன். நான் வாங்கிப் போட்டேன். அந்த லாரி பம்பு இல்லாம நின்னுக்கிட்டிருந்துச்சா, ஓனரோட மச்சினன் வேற கடை எல்லாம் சுத்திட்டுக் கடைசில என்கிட்ட வந்தான். அந்த மாடலுக்கு என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். முன்வாசல் வழியா போன மாப்பிள்ளை கொல்லைவாசல் வழியா வீட்டுக்கு வந்துட்டான்!"

சிரித்தார். நானும் மேடமும் சிரிக்காததைப் பார்த்து மெதுவாக நிறுத்தினார்.

"அந்த லாரில ஒருத்தன் செத்துட்டான்" என்றேன்.

அவர் வெள்ளி விரல்களை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். அது துடைத்தால் போகிற பெயிண்ட் இல்லை.

"தூக்கிட்டு வந்தவன் யாரு?" என்றார் மேடம்.

"யாருன்னு கேக்கற வழக்கம் உண்டா மேடம்? லாரிக்காரன் யாரோ. முகம் ஞாபகம் இல்லை."

அவர் சொன்னது சரிதான். ஆட்டோநகரில் கழற்றிய சாமான் லாரி ஆட்களின் பங்கு. போல்ட்டு, வாஷர், குழாய் மாதிரிச் சில்லறை இரும்பெல்லாம் கிளீனருக்கு. பம்பு, ரேடியேட்டர் மாதிரிப் பெரிய சாமான் டிரைவருக்கு. எந்தச் சட்டத்திலும் இது கிடையாது, எந்த ஓனரும் வாய் திறந்து ஒப்புக்கொண்டதும் கிடையாது. ஆனால் டிரைவர் கேட்கமாட்டான், மெக்கானிக் தடுக்கமாட்டான், ஓனர் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார். சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதைவிட வேறு பக்கம் பார்ப்பது மலிவு.

பைக்கில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். பம்பு என்றால் டிரைவரின் பங்கு. சிம்ஹாத்ரி விற்ற சனியன் வெள்ளி பெயிண்ட் அடித்துக்கொண்டு அவனிடமே திரும்பி வந்து, அவன் மச்சினனைக் கொன்றிருக்கிறது. பொய் சொல்லவில்லை என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இதையும் எப்படிச் சொல்வது?

"பாதியை மட்டும் சொல்லலாமே மேடம்" என்று கத்தினேன். காற்றில் அப்படித்தான் பேச முடியும்.

"பாதி சொல்றதுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலேயே இருந்திருப்பேன். ஏடுகொண்டலு ஷெட்டுக்குத் திருப்பு."

*

ஏடுகொண்டலு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோங்குரா பச்சடி வாசனை ஷெட்டின் டீசல் வாசனையை ஒரு கை பார்த்தது. எங்களைப் பார்த்ததும் சாப்பாட்டைப் பிசைவது நின்றுவிட்டது.

"சாப்பிடுங்க" என்றார் மேடம். "ஆயில் ஒழுகினதை எப்படி எப்படி சரி பண்ணினீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"முதல் தடவை பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற பேக்கிங்கையும் ரப்பர் வளையத்தையும் மாத்தினேன் மேடம். பம்பு மாத்தினா அங்கதான் ஒழுகும். ரெண்டாவது தடவை ஆயில் குழாயோட செம்பு வாஷர் எல்லாம் மாத்தினேன். பழைய வாஷரைத் திரும்பப் போட்டா உக்காராது. மூணாவது தடவை பம்பையே கழட்டி முகத்தைத் தேய்ச்சு, மட்டம் பாத்துப் போட்டேன்."

"நல்ல வேலை. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வாங்க."

அவன் முகம் சற்றுத் தெளிந்தது. சோற்றை உருட்டினான்.

"முதல் ரெண்டு தடவையும் பம்பு பெயிண்ட்டோட இருந்துச்சு. மூணாவது தடவை முகத்தைத் தேய்க்கணும்னா மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியிருப்பீங்க. காதுல பெயிண்ட் போயிருக்கும். நான் பாத்தப்ப அந்தக் காதுல மட்டும் வேற பூச்சு இருந்துச்சு. தூரிகையால பூசினது. கடையில அடிச்சதெல்லாம் ஸ்ப்ரே." மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பித்தளைப் பத்து யாரு வெச்சது ஏடுகொண்டலு?"

அவன் உருட்டிய சோறு கையிலேயே இருந்தது.

"உங்க கை வேலை உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அதுக்கு மேல பெயிண்ட் பூசித் திரும்ப மாட்டி அனுப்பினீங்க. ஏன்? டிரைவர் கேட்டுக்கிட்டானா?"

"சிம்ஹாத்ரிக்கு ஒண்ணும் தெரியாது மேடம்!" என்று அலறிவிட்டான். தட்டைத் தள்ளினான். "இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அப்ப பம்பை வித்தது?"

"நூகராஜு."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடமும் இதை எதிர்பார்க்கவில்லை.

"பம்பு டிரைவர் பங்குதானே?" என்றேன்.

"சிம்ஹாத்ரிதான் விட்டுக் கொடுத்தான். கழட்டின அன்னைக்கு இங்கதான் நின்னான். 'மச்சான், உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க, ஒரு நல்ல சட்டை கூட இல்லை, இதை நீயே எடுத்துக்கடா'ன்னான். பையன் சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனதை நானே பாத்தேன்."

ஏடுகொண்டலு எழுந்து கை கழுவாமலே வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மீதியைச் சொன்னான்.

"மூணாவது தடவை கழுவினப்பதான் நான் எப்பவோ வெச்ச பித்தளைப் பத்து தெரிஞ்சுது. சிம்ஹாத்ரி வீட்டுக்குப் போயிருந்தான். நூகராஜு மட்டும் இருந்தான். கூப்பிட்டுக் காட்டினேன். முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சான் மேடம். 'அண்ணா, நம்ம பம்பு வழி கண்டுபிடிச்சு வீட்டுக்கு வந்துடுச்சு'ன்னான். அப்புறம் முகம் செத்துப்போச்சு. 'இது வெளியே வந்தா யாரு வித்ததுன்னு ஓனர் கேப்பாரு. பெரிய சாமான் டிரைவரான எங்க பாவா பங்குன்னு அவருக்குத் தெரியும். திருட்டுன்னு சொல்லி பாவாவைத்தான் வெளியே தள்ளுவாரு. எனக்குக் கொடுத்த பாவத்துக்கு அவர் வேலை போகணுமா? ஒரே ஒரு டிரிப் போயிட்டு வந்துடறோம். வந்து வேற பம்பு கேட்டு நானே ஓனர் கால்ல விழறேன். அதுவரைக்கும் பாவாகிட்டயும் சொல்லாதே'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான்."

"ஆயில் குச்சியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கோட்டுக்கு மேல இருந்துச்சு. வடிச்சு, சரியான அளவுக்குக் கொண்டு வந்தேன். ஒரு டிரிப்புக்குத் தாங்கும்னு நினைச்சேன்." அவன் திரும்பினான். "அது நந்தியால் போய் சிமெண்ட் ஏத்தி வர்ற டிரிப்பு. போறப்ப தாங்குச்சு."

எனக்கு அவனை அறையத் தோன்றியது. அடுத்த நிமிடம் அந்தக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு டிரிப்தானே என்று சொல்லாத மனிதன் ஒருவன் இந்த ஆட்டோநகரில் இருந்தால் அவனுக்குக் கோயில் கட்டலாம், கட்டுகிறவனும் ஒரு டிரிப் கழித்துத்தான் கட்டுவான்.

"கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?" என்றார் மேடம்.

"சொல்றேன். ஆனா முதல் கேள்வியே பழைய பம்பை வித்தது யாருன்னுதான் கேப்பாங்க. செத்தவன் பேரைச் சொல்ல வேண்டி வரும். பரவாயில்லையான்னு அவன் அக்காவைக் கேட்டுட்டு வாங்க."

*

அம்மாவும் மகளும் நாங்கள் விட்டுப்போன இடங்களிலேயே இருந்தார்கள். புனுகுலு தட்டில் எறும்பு ஏறியிருந்தது.

மேடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "உன் புருஷன் பொய் சொல்லலை. சாவியைப் பிடுங்கியும் எஞ்சின் ஓடியிருக்கு. நியூட்ரல் போட்டதும் வண்டியை நிறுத்தத்தான். பள்ளத்துல விழுந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்க."

மங்கதாயாரு முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பெஞ்சில் இருந்த அம்மா முதல் தடவையாகத் திரும்பினாள்.

"மீதியையும் கேட்டுக்கோ" என்றார் மேடம். சொன்னார். சாக்கு, வெள்ளி பெயிண்ட், பித்தளைப் பத்து, ஏடுகொண்டலுவின் கையைப் பிடித்துக்கொண்ட நூகராஜு, எல்லாவற்றையும். கேட்க முடியாமல் நான் ஜன்னலுக்குப் போனேன்.

முடிந்ததும் அம்மாதான் பேசினாள். "அப்ப என் மகன் தெரிஞ்சேதான் ஏறினானா?"

"பம்பு தேய்ஞ்சதுன்னு தெரியும். அது உயிரை எடுக்கும்னு அவனுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது."

"இதை எழுதி கோர்ட்டுக்குக் கொடுத்தா என்ன ஆகும்?"

மேடம் அவளிடமும் பாதி சொல்லவில்லை. "காகிதத்துல பழைய சாமான் ஓனருக்குச் சொந்தம். ஓனரோட வக்கீல் உங்க மகனைத் திருடன்னு சொல்லுவான். தன் திருட்டாலதான் தானே செத்தான்னும் சொல்லுவான். நஷ்டஈடு கொடுக்காம இழுத்தடிப்பாங்க. நாங்க சண்டை போடுவோம். ஜெயிப்போம்னு இப்ப சொல்ல முடியாது."

"எழுதாட்டி?"

"சிம்ஹாத்ரி ஜெயிலுக்குப் போவாரு."

அம்மா மகளையே பார்த்தாள். "உன் தம்பிடி. கண்ணை மூடி மண்ணு காயறதுக்குள்ள அவனைத் திருடன் ஆக்கப் போறியா? அதுவும் உன் புருஷனுக்காக?"

மங்கதாயாரு முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

"அவன் வாயை மூடிக்கிட்டதே என் புருஷனுக்காகத்தாம்மா. செத்தவனை யாரும் ஜெயில்ல போட முடியாது. எழுதுங்க மேடம்."

அம்மா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். மகள் கூப்பிடவில்லை. நான் பின்னால் போகத் திரும்பினேன். மேடம் வேண்டாமென்று தலையசைத்தார்.

மேடம் எழுத ஆரம்பித்தார். கீழே இட்லிக் கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்" என்றாள் மங்கதாயாரு. "பம்பை வித்தது தம்பின்னு கோர்ட்டுல சொல்றப்ப, அதை அவனுக்குக் கொடுத்தது யாருன்னும் கேப்பாங்களா?"

பேனா நின்றது.

"கேப்பாங்க."

"அவரும் அங்கதானே நிப்பாரு?"

"ஆமாம்மா."

"நல்ல சட்டை வாங்கிக்கடான்னு கொடுத்தாராமே." அவள் தன்னிடமே பேசுவது போலச் சொன்னாள். "தினம் கனவுல தம்பி வர்றான்னு அழறாரு. மலைப் பக்கம் திருப்பினது என் கைதானேன்னு கையைச் சுவத்துல மோதிக்கறாரு. அதுக்கே அப்படி. இப்ப இது வேற."

நான் எறும்பு ஏறிய தட்டை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன்.

அவள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மஸ்தான் அண்ணா, மார்க்காபுரம் பஸ் எந்த இடத்துல நிக்கும்? நாளைக்குக் காலையில சோறு கொண்டு போகணும்."

"நானே கொண்டு போய் விடறேன். என்னன்னு சொல்லுவே அவர்கிட்ட?"

"எல்லாத்தையும் சொல்லிடறேன். கோர்ட்டுல கறுப்புக் கோட்டு போட்ட யாரோ சொல்லித் தெரிய வேணாம்." படி வரைக்கும் போனவள் நின்றாள். "ஆனா சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் சொல்லுவேன். அப்புறம் எப்ப சாப்பிடுவாரோ தெரியாது."